எட்டு வருடம் சுமந்த முதுகுப்பையும் மலையில் கழித்த இரவுகளும்

ஒரு 55 லிட்டர் முதுகுப்பை, ஒற்றை ஆள் டெண்ட், வாத்து இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக், ஊதிப் போடும் பாய், சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி. எட்டு வருடங்களாக இவற்றோடுதான் உயர்ந்த மலைகளில் நடக்கிறேன். ஐந்து நாளுக்குக் குறையாமல், ஒன்பது நாளுக்கு மேல் போகாமல், மொத்தம் பதினொரு பயணம். பொருள்களைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் எது உழைத்தது எது கைவிட்டது என்பதெல்லாம் நான் எப்படித் திட்டமிட்டேன் என்பதோடு பின்னிக் கிடக்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் பயணத்தைக் கிலோமீட்டரை வைத்துத் திட்டமிட்டேன். மொத்தம் 90 கிலோமீட்டர், நாளுக்கு 15, ஆறு நாள், சரி. மூன்றாம் நாள் 3,200 மீட்டரில் எழுந்து அன்று இரவே 4,100 மீட்டரில் போய்ப் படுத்தேன். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. படுத்த பிறகுதான் தலைவலி, குமட்டல், கண் அசந்தால் மூச்சு நின்று திடுக்கென்று விழிப்பு. ஒரே நாளில் அதிகம் ஏறியதால் வந்த உயர நோய். விடிந்ததும் 700 மீட்டர் கீழே இறங்கினேன், மதியத்துக்குள் தலை தெளிந்துவிட்டது. ஆனால் கணவாயைத் தாண்டாமலேயே திரும்ப வேண்டியதாயிற்று.

அதிலிருந்து என் நோட்டில் முதலில் எழுதுவது ஒவ்வொரு இரவும் தூங்கப் போகும் உயரம். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டுவதில்லை, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை உயரம் கூட்டாத ஒரு நாள். பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து படுத்தால் பரவாயில்லை. தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் டெண்ட் போட முடியும் என்பதால் சில இடங்களில் 600, 700 என்று ஆகிவிடும், அப்போது அதற்கு முன்னாலோ பின்னாலோ ஓய்வு நாளை நகர்த்திக்கொள்வேன். நடை தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, இருட்டானாலும் இறங்கத் தொடங்க வேண்டும். இதைக் கூட வருபவர்களிடம் கிளம்பும் முன்பே பேசி வைத்துவிடுகிறேன்.

நேரக் கணக்குக்கு 1892ஆம் ஆண்டில் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 14 கிலோ சுமையோடு, 4,000 மீட்டர் பக்கம், எனக்கு அது ஆறு மணி நேரம். பல பயணங்களின் குறிப்பைப் பார்த்தாலும் அதே ஒன்றரை மடங்குதான், அதனால் இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரையால் பெருக்கிவிடுகிறேன். வழியில் பனியாற்று நீரோடை இருந்தால் இன்னொரு கணக்கு. வெயிலில் பனி உருகி மதியத்துக்கு மேல் ஓடையில் தண்ணீர் ஏறிவிடும். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடியதை மாலையில் இடுப்பளவு பார்த்திருக்கிறேன். ஓடைக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டு விடிகாலையில் கடப்பது மாதிரி நாள்களைப் பிரித்துக்கொள்வது நல்லது.

இனி ஸ்லீப்பிங் பேக். லேபிளில் வெவ்வேறு வெப்பநிலைகள் போட்டிருக்கும்: வசதியாகத் தூங்கக்கூடியது, தாக்குப்பிடிக்கும் எல்லை, உயிர் பிழைக்க மட்டும் உதவும் அளவு. நான் எல்லை எண்ணைப் பார்த்து வாங்கினேன். முதல் எண்ணைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டு, நீங்கள் தங்கப் போகும் மிக உயரமான இடத்தின் குளிரை அந்த முதல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் என்னை அதிகம் வாட்டியது கீழேயிருந்து ஏறும் குளிர். இரண்டாவது பயணத்தில் இரவு இரண்டு மணிக்கு விழித்தேன். மேல் பக்கம் கதகதப்பாகவே இருந்தது, தரையில் படும் இடுப்பும் தோளும் மட்டும் மரத்துக் கிடந்தன. பாய்க்கு அடியில் கையை விட்டால் ஈரக் கல்லைத் தொட்ட மாதிரி சில்லிட்டது. பையிலிருந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, காலிப் பையைக் காலுக்கடியிலும் மழைக்கோட்டை இடுப்புக்கடியிலும் விரித்துப் படுத்த பிறகுதான் கொஞ்சம் தூக்கம் வந்தது. ஆர் மதிப்பு, அதாவது தரைக் குளிரைப் பாய் எவ்வளவு தடுக்கும் என்ற எண், பாயில் போட்டிருப்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை, என் பாயில் 2 என்று இருந்தது. புதுப் பாய் வாங்காமல் அதே அளவு மதிப்புள்ள நுரைப் பாய் ஒன்றை அடியில் சேர்த்தேன். இரண்டும் கூடி 4 ஆகிவிடும், ஊதும் பாயில் முள் குத்தினாலும் ஒன்று மிஞ்சும். இத்தனை வருடத்தில் நான் செய்த மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான்.

வடிகட்டி விஷயத்தில் கவனமாக இருங்கள். மெல்லிய குழாய் இழைகளால் ஆன வடிகட்டி ஒருமுறை தண்ணீர் பட்ட பிறகு உறைந்தால் இழைகள் விரிசல் விட்டுவிடலாம், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும். ஒரு இரவு வெளியே விட்டுவிட்டேன், காலையில் பனிக்கட்டியாக இருந்தது, அத்தோடு தூக்கிப் போட்டேன். இப்போது வடிகட்டி, கேஸ் டப்பா, போன் மூன்றும் என்னோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தூங்குகின்றன. கேஸ் வாங்கும்போது டப்பாவில் என்ன கலவை என்று படித்துவிடுங்கள்: சாதாரண பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆவியாகாது, ஐசோபியூட்டேன் மைனஸ் 11 வரை தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், ஆகவே நேரமெடுத்து வேக வேண்டிய எதையும் எடுத்துப் போகாதீர்கள், கேஸ்தான் தீரும்.

அப்புறம், என் பொருள்கள் அதிகம் கெட்டது மலையில் இல்லை, வீட்டு அலமாரியில். ஐந்தாம் வருடம் டெண்டை விரித்தபோது உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டியது, புளித்த வாடை வேறு. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன அந்தப் பூச்சு ஈரத்தில் சிதைந்துபோகும், போன முறை நான் சரியாகக் காயவைக்காமல் மடித்திருக்கிறேன். பூட்ஸின் கதை இன்னும் மோசம். மூன்று வருடம் அதிகம் போடாமல் வைத்திருந்தேன், பார்வைக்குப் புதிது. இறக்கத்தின் இரண்டாம் நாள் அடிப்பாகம் பிய்ந்து வாயைப் பிளந்தது, நடுவிலிருந்த நுரை உதிர்ந்து பொடியாகக் கொட்டியது. கயிறும் டேப்பும் சுற்றி 19 கிலோமீட்டர் இறங்கினேன். அதுவும் பாலியூரித்தேன்தான், போடாமல் வைத்தாலும் சிதையும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பூட்ஸைப் போட்டுச் சுமையோடு நடந்து பாருங்கள், மாற்ற வேண்டியிருந்தால் அவகாசம் இருக்கும்.

பைக்கு வருகிறேன். இடுப்புப் பட்டையின் நுரை அமுங்கிவிட்டது, ஒரு ஜிப் ரன்னர் மாற்றினேன், மற்றபடி குறை இல்லை. பை வாங்குபவர்கள் உங்கள் மொத்த உயரத்தைப் பார்க்காமல், கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். அது பொருந்தினால்தான் பாரம் இடுப்பில் உட்காரும், தோள் தப்பிக்கும்.

ஸ்லீப்பிங் பேக்கைப் போன வாரம் இறகுக்கான சோப்பில் துவைத்து, டிரையரில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு மிதச்சூட்டில் மூன்று மணி நேரம் உலர்த்தினேன். கட்டி கட்டியாக இருந்த இறகு பிரிந்து பழையபடி உப்பி நிற்கிறது. அடுத்த பயணத்துக்கு எட்டு இரவுகளில் ஏழுக்கு உயரம் எழுதியாகிவிட்டது, கணவாய்க்கு முந்தைய இரவுக்குத் தண்ணீருள்ள இடம் ஒன்றை வரைபடத்தில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.