படகில் பேர் எழுத: தம்பியா, காயினியா, கேட்டமரானா?

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் படகுக்காரர்கள், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நல்லா குண்டா, மொழுமொழுன்னு வேணும் தம்பி. தூரத்துல இருந்தே தெரியணும்." அதற்காக என் கணினியில் மூன்று எழுத்துருக்கள் இருக்கின்றன: பாலூ தம்பி, காயினி, கேட்டமரான். மூன்றுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கூலி வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எதையும் சோதிக்க நான் அடித்துப் பார்ப்பது 'அன்னை வேளாங்கண்ணி'. இந்தக் கரையில் அடிக்கடி வரும் பெயர் என்பது ஒரு காரணம். ஒரே பெயரில் ரெண்டு சுழி ன-வும் மூணு சுழி ண-வும் பக்கத்துப் பக்கத்தில் வருவது இன்னொரு காரணம்.

முதலில் காயினி. பிரேசில்காரர் மார்செலோ மகல்யாயிஸ் வரைந்தது. திரையில் பார்த்தால் மூன்றில் இதுதான் அழகு, மைதா உருண்டை மாதிரி உப்பி நிற்கும். ஆனால் இருப்பது ஒரே தடிமன். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. முதன்முதலில் ஒரு ஃபைபர் வல்லத்துக்கு இதில்தான் வெட்டினேன். கடையில் வைத்துப் பார்த்தபோது பிரமாதம். கரையில் நிறுத்திவிட்டு ஐம்பது அடி தள்ளிப் போன படகுக்காரர் திரும்பி வந்து, "என்னப்பா, கன்னின்னு எழுதி வச்சிருக்க?" என்றார். போய்ப் பார்த்தேன். ண-வின் சுழிகள் அடைத்துப்போய்க் கறுப்புக் கட்டியாகத் தெரிந்தது. எழுத்து தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெற்றிடம் சுருங்குகிறது, தூரத்தில் கண் தேடுவதோ அந்த வெற்றிடத்தைத்தான். குண்டாக இருந்தால் தூரத்தில் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றைக்குப் போனது. காயினியை இப்போது பஜ்ஜிக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் வைத்திருக்கிறேன். பத்தடியில் நின்று படிக்கிற பலகைக்கு அதை அடிக்க ஆளில்லை.

பாலூ தம்பி மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு செய்தது. ஒவ்வொரு மொழிக்கும் அந்த ஊர் உறவு முறையில் பேர் வைத்திருக்கிறார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி. முதலில் வந்ததில் ஒரே கனம்தான், காயினியின் சங்கடம் அதிலும் உண்டு. அடுத்து வந்த பாலூ தம்பி 2-இல் ஐந்து தடிமன்கள். படகுக்கு நான் எடுப்பது நடுவில் இருக்கும் செமி போல்டு. மிஞ்சினால் போல்டு. எக்ஸ்ட்ரா போல்டைத் தொடுவதில்லை. செமி போல்டில் சுழி திறந்திருக்கும், முனையும் மழுங்கியிருக்கும்.

மழுங்கிய முனை வெறும் அழகுக்கு இல்லை. வெட்டும் மெஷினின் கத்தி கூர்மூலையில் சட்டென்று திரும்பும்போது ஸ்டிக்கர் லேசாக இழுபடும். அந்த மூலையில்தான் பிற்பாடு உப்புத் தண்ணீரும் காற்றும் புகுந்து முதலில் உரியும். மூலை உருண்டையாக இருந்தால் பிடிமானம் கூடுதல். (ஆங்கிலத்தில் உருண்டை முனைக்குப் பேர் போன வாக் ரவுண்டட் எழுத்துரு, 1979-இல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனிக்காக வந்தது. பழைய ஆப்பிள் கீபோர்டு வைத்திருந்தவர்கள் அதைத் தினமும் தட்டியிருப்பார்கள்.) மூலை உரிவதைவிடப் பெரிய தலைவலி, மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. தனியாக ஒட்டிய சின்ன வட்டம் என்பதால் வலை இழுக்கையில் உரசியே போய்விடும். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பார்கள், எங்கள் படகுகளில் கடல் அதைச் செய்கிறது. அதனால் எந்த எழுத்துருவானாலும் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் வெட்டுகிறேன்.

கேட்டமரான் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது, ஒன்பது தடிமன்கள். பேரே நம் கட்டுமரம்தான், கடலுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது. ஆனாலும் படகின் பேருக்கு நான் எடுப்பதில்லை. முனை வெட்டினாற்போல் நிற்கும், மொழுமொழு கேட்டவருக்கு முகம் சுருங்கிவிடும். பதிவு எண்ணுக்கு மட்டும் இதுதான். ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும் எண்ணைக் கடலில் தூரத்திலிருந்து படிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உப்பிய எழுத்தில் 3, 6, 8 மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அங்கே விளையாட்டு வேண்டாம்.

மரப் படகு என்றால் கதை வேறு. பலகை இடுக்கும் பழைய பெயின்டும் ஸ்டிக்கரைப் பிடிக்கவிடாது. அப்போது ஸ்டிக்கரையே அச்சாக ஒட்டி, எழுத்துப் பகுதியை உரித்துவிட்டு மேலே பெயின்ட் அடிப்போம். போன மாதம் ஒரு நாட்டுப்படகுக்குத் தம்பி செமி போல்டில் அச்சு வெட்டிக் கொடுத்தேன். பெயின்ட் அடித்த பெரியவர் எல்லா எழுத்தையும் அச்சுப்படியே அடித்துவிட்டு, 'அன்னை'யில் வந்ததும் அச்சை ஓரமாக வைத்துவிட்டார். மூன்று எழுத்துருவிலும் தட்டினால் வருவது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய னை. அவர் தூரிகையால் மேலே தும்பிக்கை வைத்த பழைய னை-யைப் போட்டார். தடிமனும் சரியாக இருந்தது, சுழியும் திறந்தே இருந்தது. படகுக்காரர் அதைத்தான் போன் எடுத்துப் படம் பிடித்தார்.