ஹார்ன் சப்வூஃபர் கிட் வாங்குகிறவர்களுக்கு: பசை தடவும் முன் அளந்து பாருங்கள்

வெட்டிய பலகை, வரைபடம், 15 அங்குல ட்ரைவர் (ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்) எல்லாம் சேர்த்து விற்கப்பட்ட ஒரு ஹார்ன் சப்வூஃபர் (ஆழமான பேஸுக்கான ஸ்பீக்கர் பெட்டி) கிட்டை வாங்கி, இரண்டு பெட்டிகளை வீட்டிலேயே கட்டினேன். இரண்டு மாத உழைப்பும் பணமும் போய்விட்டன. விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். அந்த வழி தெரிந்த வேறு எவரும் அதையே செய்யலாம்.

ஹார்ன் மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண மூடிய பெட்டியில் கோன், அதாவது ட்ரைவரின் கூம்பு, முன்னும் பின்னும் நிறைய ஓடித்தான் பேஸ் வரும். ஹார்னில் ஒரு குறுகலான பாதை மடங்கி மடங்கி விரிந்துகொண்டே போய் வெளியே திறக்கிறது. அதனால் கோனுக்குக் காற்றின் மேல் நல்ல பிடி கிடைக்கிறது. கொஞ்சம் அசைந்தாலே போதும். அதே வாட்டில் சத்தம் கூடுகிறது, அசைவு குறைவதால் சிதைவும் குறைகிறது. சரியாகக் கட்டிய ஹார்னில் டிரம் அடி நெஞ்சில் வந்து இறங்கும், ஆனால் காது இரையாது. அதற்காகத்தான் இறங்கினேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் டேப்டு ஹார்ன் (கோனின் இரு பக்கமும் ஹார்ன் பாதைக்குள்ளேயே திறக்கும் வகை), 18 மி.மீ. பிர்ச் பிளைவுட், 4 அங்குல வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) உள்ள 1000 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் அளவு) ட்ரைவர். பலகைகள் வந்தபோது வெட்டு ஓரங்கள் எல்லாம் கருப்புப் பெயின்ட் பூசியிருந்தன. ஈரம் ஏறாமல் இருக்க என்றார் விற்றவர். நல்ல அக்கறையாக இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தப் பெயின்டைச் சுரண்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

பெட்டிகளை ஒட்டி முடித்து முதல்முறை போட்டபோது சத்தம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரத்தில் உறுமியது. பேஸ் கிதாரின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் சுரம் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும் இடங்களில் பேஸ் அப்படியே காணாமல் போனது. அதோடு 60 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் ஒரு பக்கப் பலகை விர்ரென்று அதிர்ந்தது. அப்போதுதான் நூலும் அளவு டேப்பும் எடுத்தேன்.

இந்த ஒரு கணக்கை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். 35 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 9.8 மீட்டர். ஹார்ன் பாதை அதில் கால் பங்காவது இருக்க வேண்டும், அதாவது 2.45 மீட்டர். வரைபடத்தில் மடிப்புகளின் நடுக்கோட்டை ஒட்டி நூல் பிடித்து, அளவுவிகிதப்படி கணக்கிட்டால் எனக்கு வந்தது 1.7 மீட்டர். 343ஐ நான்கு மடங்கு 1.7ஆல் வகுத்துப் பாருங்கள், 50 ஹெர்ட்ஸ். இது தோராயம்தான், சில ஹெர்ட்ஸ் முன்பின் இருக்கும். ஆனால் 50, எந்தக் கணக்கிலும் 35 ஆகாது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிகத் திறன் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒருசேரக் கிடைக்கும் என்பது ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் ஹாஃப்மன் விதி என்று சொல்வது. அந்த விளம்பரம் மூன்றையும் தருவதாகச் சொன்னது.

பலகையின் கதை அதைவிட மோசம். 18 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் வழக்கமாக 13 அடுக்கு இருக்கும். பெயின்டைச் சுரண்டினால் ஏழுதான் இருந்தன, இடையில் வெற்றிடங்கள், அவற்றில் மக்கு. கனம் 16.5 மி.மீ. காடிகளை மட்டும் 18க்கு வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டிலும் ஒன்றரை மி.மீ. இடைவெளி விழுந்திருக்கிறது. நானும் பசையை நிறையப் போட்டு அடைத்திருக்கிறேன். ஹார்னின் குறுகிய முனையில்தான் காற்றழுத்தம் மிக அதிகம். அங்கே சின்னக் கசிவு இருந்தாலும் சீறும், பலமும் போய்விடும்.

அப்புறம் ட்ரைவர். மூன்றாவது வாரம், நடுத்தரச் சத்தத்திலேயே ஒன்று கருகியது. ஹார்ன் தாங்கும் எல்லைக்குக் கீழே போனால் கோனுக்குப் பிடிமானம் இல்லை, தறிகெட்டு ஓடும். எனவே அந்த எல்லையில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) வைக்க வேண்டும். கிட்டோடு வந்த தாளில் ஃபில்டரை 30 ஹெர்ட்ஸில் வைக்கச் சொல்லியிருந்தது. 50இல் நின்றுபோகும் பெட்டிக்கு 30! கருகியதை அறுத்துப் பார்த்தேன். காயில் இரண்டரை அங்குலம்தான். மிஞ்சியிருந்த மற்றொன்றைக் கழற்றி அளந்தேன். தாளில் எஃப்.எஸ். (ட்ரைவர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 36 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டும் எண், குறைந்தால் கட்டு அதிகம்) 0.31. அளந்தால் 54, 0.60. ஹார்னுக்குத் தேவை வலுவான மேக்னட் உள்ள, க்யூ.டி.எஸ். குறைந்த ட்ரைவர். இது அந்த வகையே இல்லை.

விற்றவர் சொன்ன பதில்களைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் பேஸ் இல்லை என்றபோதே, "ட்ரைவர் புதுசு, 50 மணி நேரம் ஓட்டுங்கள், இளகிவிடும்" என்றார். புது ட்ரைவர் ஓட ஓடக் கொஞ்சம் இளகுவது உண்மைதான். ஆனால் 54இலிருந்து 36க்கு வர, கோனைத் தாங்கும் விளிம்பும் ஸ்பைடரும் (காயிலைப் பிடித்திருக்கும் துணி வளையம்) இரண்டேகால் மடங்கு தளர வேண்டும். அப்படி நடக்காது. அந்த 50 மணி நேரம் ஓடி முடிவதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது. அடுத்து, ட்ரைவரில் ஸ்க்ரூ தடம் இருக்கிறது, எடுக்க முடியாது என்றார். பலகையைப் பற்றிக் கேட்டால், ஒட்டியது நீங்கள், கசிவுக்கு நான் பொறுப்பில்லை என்றார். நாம் ஒட்டிவிடுவோம் என்பதை நம்பித்தான் அவர் வியாபாரமே நடக்கிறது. ஒட்டிய பிறகு நம் கையில் ஆதாரம் இல்லை.

ஆகவே பணம் கொடுக்கும் முன் பாதை நீளம், தொடக்கத்தில் எவ்வளவு பரப்பு, வெளியே திறக்கும் வாய்ப்பகுதியில் எவ்வளவு பரப்பு என்று கேளுங்கள். டேவிட் மெக்பீன் எழுதிய ஹார்ன்ரெஸ்ப் என்ற ஹார்ன் கணக்கிடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த எண்களையும் ட்ரைவரின் எண்களையும் அதில் போட்டால் எதுவரை இறங்கும் என்று வளைகோடு காட்டிவிடும். எண்களைத் தர மறுத்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், பொருள் வந்த அன்றே ட்ரைவரை எங்கும் திருகாமல், பெட்டிக்கு வெளியே நிமிர்த்தி வைத்து இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ட்ரைவர் காட்டும் தடை) அளந்துவிடுங்கள். ஒரு ரெசிஸ்டர், ஒரு சவுண்ட் கார்டு, ஆர்.இ.டபிள்யூ. மென்பொருள் போதும். இம்பீடன்ஸ் உச்சிக்குப் போகும் இடம்தான் எஃப்.எஸ். பலகை ஓரங்களைப் படம் எடுத்துவையுங்கள், காலிப்பரால் கனம் பாருங்கள். பசை இல்லாமல் கிளாம்ப் மட்டும் போட்டு ஒருமுறை முழுசாகச் சேர்த்துப் பாருங்கள். ஆடுகிற மூட்டைப் பசையால் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நான் இப்போது 2.5 மீட்டர் பாதையில் புதிதாக வரைந்திருக்கிறேன். பெட்டி பழையதைவிடப் பெரிது, அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். பலகையைப் பக்கத்தில் நின்று அடுக்கு எண்ணி வாங்கினேன். வெட்டியாயிற்று, இன்னும் ஒட்டவில்லை. ட்ரைவர் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

அந்தப் பழைய கிட் வேறு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருப்பதைப் போன வாரம் பார்த்தேன். அதே படம், அதே கருப்பு ஓரம், அதே 35 ஹெர்ட்ஸ். பாதை நீளத்தை இப்போதும் எங்கும் குறிப்பிடவில்லை.