பாக்டிசீல் ஷன்ட் குழாய்: கூடுதல் விலைக்குத் தகுமா?

மூளையில் நீர் கோத்த குழந்தைக்கு, அந்த நீரை வடிக்க உடலுக்குள் வைத்த ஷன்ட் குழாயில் கிருமி தொற்றினால், ஊசி மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. குழாயை எடுத்து, நீரைத் தற்காலிகமாக உடலுக்கு வெளியே வடிக்கும் வெளிவடிகால் போட்டு, மூளைத் தண்டுவட நீர் சுத்தமான பிறகு மறுபடி வைக்க வேண்டும். பிஞ்சு உடம்புக்கு இது பெரிய பாடு. அதனால் தொற்றைத் தடுக்க மருந்து ஏற்றிய பாக்டிசீல் குழாய்க்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவில்லை.

இதன் சிலிக்கோன் சுவருக்குள்ளேயே 0.15% கிளிண்டாமைசின், 0.054% ரிஃபாம்பிசின் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளை ஏற்றியிருக்கிறார்கள். ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசினுடையது. அறுவையின்போது தோலிலிருந்து ஒட்டிக்கொள்ளும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமிதான் முக்கிய இலக்கு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சிறுவர், பெரியவர் என 1,605 பேரிடம் நடந்து 2019இல் வெளியான பேசிக்ஸ் ஆய்வில், சாதாரணக் குழாயில் தொற்று 6%, இந்த வகையில் 2%. வெள்ளி கலந்த குழாயிலும் 6%தான். அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

குறைகளும் உண்டு. சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற வார்டுக் கிருமிகளிடம் இது எடுபடாது. இரண்டில் ஒரு மருந்து ஒவ்வாவிட்டாலும் வைக்கக் கூடாது. முக்கியமாக, மருந்துக் குழாய்தானே என்று அறுவைக் குழு கை தளர்ந்தால் பலன் போய்விடும்: உறையைக் கடைசி நேரத்தில் பிரியுங்கள், தொடுமுன் வெளிக்கையுறையை மாற்றுங்கள், குழாய் தோலில் படவே கூடாது. கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் என்ற கிருமிக்கொல்லி ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி., ஏறியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனபின் முதல் 6 மாதம் காய்ச்சல், தையலில் கசிவு, குழாய்த் தடத்தில் சிவப்பு எது தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள்.