பிரேக்அவுட் ரூம் இல்லாம முடியாது, ஆனா அது படுத்தற பாடு இருக்கே

லைவ் ஆன்லைன் கிளாஸை மையமா வச்சே ஒரு கோர்ஸ் டிசைன் பண்ணலாமான்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் கேட்டிருந்தார். நான் ரொம்ப நாளா அப்படித்தான் எடுத்துட்டு வரேன், அதனால ஸ்கிரீன் ஷேர், போல் (ஓட்டெடுப்பு), மியூட் இதெல்லாம் விட்டுடறேன், எந்த டூல் எடுத்தாலும் அது ஏறக்குறைய ஒண்ணுதான். என் பிரச்னை பூரா பிரேக்அவுட் ரூம், அதாவது லைவ் கிளாஸ் நடுவுலயே எல்லாரையும் சின்னச் சின்ன குரூப்பா பிரிச்சு அனுப்பற தனித்தனி ஆன்லைன் ரூம்.

ஐடியா அருமையானது, அதுல சந்தேகமே இல்ல. மெயின் ரூம்ல வாயே திறக்காதவங்க கூட நாலு பேர் மட்டும் இருக்கிற ரூமுக்குப் போனதும் பேச ஆரம்பிச்சிடறாங்க. ஆனா அங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. நேர்ல கிளாஸ் எடுக்கும்போது நடுவுல நின்னாலே போதும், எந்த குரூப் பேசுது எது முழிக்குதுன்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடலாம், இங்க ஒரு ரூமுக்குள்ள போயிட்டா மத்த ரூம்ல யாரு என்ன பண்றாங்கன்னு ஒண்ணும் தெரியாது, நான் போன ரூம்லயும் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்னுடும். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். நாங்க யூஸ் பண்ற டூல்ல கிளவுட் ரெக்கார்டிங் மெயின் ரூமை மட்டும்தான் எடுக்கும், அன்னைக்கு வர முடியாதவங்க அப்புறம் போட்டுப் பார்த்தா அந்த நேரம் முழுக்க ஆளில்லாத ஸ்கிரீன்தான். கோர்ஸோட உயிரே அந்த நேரம்தான், அதைப் போய் இப்படி விட்டிருக்காங்களேன்னு ஒவ்வொரு தடவையும் ஆத்திரமா வருது.

இதுக்காகவே கோர்ஸை வேற மாதிரி கட்ட வேண்டியிருக்கு. எல்லாரும் எடிட் பண்ற மாதிரி ஒரே டாக்குமென்ட், அதுல குரூப்புக்கு ஒரு ஸ்லைடு. "டிஸ்கஸ் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பவே கூடாது, "3 காரணம் எழுதுங்க, அதுல ஒண்ணை வெட்டுங்க, ஏன் வெட்டினீங்கன்னு எழுதுங்க" இந்த மாதிரி எழுதி முடிக்கிற வேலையா இருக்கணும். கேள்வியும் அந்த ஸ்லைடுலயே இருக்கணும், ரூமுக்குள்ள போனதுக்கு அப்புறம் மெயின்ல நான் காட்டின ஸ்கிரீன் அவங்களுக்குத் தெரியாது. நான் எங்கயும் நுழையாம ஸ்லைடுகளையே பார்த்துட்டிருப்பேன், எது காலியா இருக்கோ அந்த ரூமுக்கு மட்டும் போவேன். வராதவங்களுக்கும் படிக்க ஏதோ மிஞ்சுது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் சாட். கேள்வி கேட்டுட்டு "டைப் பண்ணி வச்சுக்கோங்க, நான் சொல்றவரைக்கும் என்டர் தட்டாதீங்க"ன்னு சொல்லிடுவேன், அப்புறம் எல்லார் பதிலும் ஒரே நேரத்துல கொட்டும் பாருங்க, நேர்ல எந்த கிளாஸ்லயும் எனக்கு இது கிடைச்சதில்ல! கேள்வி கேட்டுட்டு டீச்சர்கள் ஏறக்குறைய 1 செகண்ட்தான் காத்திருக்காங்க, 3 செகண்ட் பொறுத்தாலே பதில் நீளமாகுது, அதிகம் பேர் பேசறாங்கன்னு கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970கள்லயே எழுதியிருக்காங்க. ஆன்லைன்ல அன்மியூட் பட்டனைத் தேடவே அந்த 3 செகண்ட் போயிடும். சாட்ல அந்த அவசரமே இல்ல, மெதுவா யோசிக்கிறவங்களுக்கும் இடம் கிடைக்குது.

சாட்டை இவ்ளோ புகழ்ந்தாலும் டூலுக்கு மார்க் போடச் சொன்னா 5க்கு 2தான், அந்த ரெக்கார்டிங்கை சரி பண்றவரைக்கும் அதுக்கு மேல போட மனசு வராது. அதுக்காக பிரேக்அவுட் ரூமைத் தூக்கிட்டு கோர்ஸ் டிசைன் பண்ணிடாதீங்க. லெக்சரை முன்னாடியே வீடியோவா கொடுத்துட்டு லைவ் நேரத்துல பாதியை ரூமுக்கே ஒதுக்குங்க, ஒரு ரூமுக்கு 4 பேருக்கு மேல வேண்டாம், அதுக்கு மேல போனா கண்டிப்பா ஒருத்தர் கேமராவை ஆஃப் பண்ணிட்டு சும்மா இருந்துடுவார்.