'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்' அல்லது 'லெஃப்ட் பிஹைண்ட்': எதை முதலில் எடுப்பது?

இரண்டும் ஆங்கிலக் கிறிஸ்தவ நாவல்கள்.

நீளம்: ஃபிராங்க் பெரெட்டியின் 'டார்க்னஸ்' (1986) ஒரே புத்தகத்தில் முடிகிறது; 1989இல் வந்த தொடர்ச்சி விருப்பம்போல. டிம் லஹே, ஜெர்ரி ஜென்கின்ஸின் 'லெஃப்ட் பிஹைண்ட்' (1995) மொத்தம் 16 புத்தகங்கள். முதல் பாகம் பாதியில்தான் நிற்கும்.

விறுவிறுப்பு: 'லெஃப்ட் பிஹைண்ட்'டில் லண்டன் போகும் விமானத்தில் பயணிகள் உடுப்பை இருக்கையிலேயே விட்டுவிட்டு மறைகிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே லஹே கட்டிப்போடுகிறார். பெரெட்டிக்குப் பொறுமை வேண்டும், பாத்திரங்கள் ஏராளம்.

விசுவாசம்: சண்டை இங்கேதான். பெரெட்டியின் ஆஷ்டன் என்ற சிற்றூரில் சபையார் ஜெபித்தால் தேவதூதர்கள் பலம் பெறுகிறார்கள், ஜெபம் குறைந்தால் தளர்கிறார்கள். படித்ததும் முழங்கால்படியிட்டவர்கள் உண்டு. "எல்லாத் தவறுக்கும் பிசாசுதான் காரணமா?" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. வேதாகமத்தில் எபேசியர் 6:12 காணாத போராட்டத்தைச் சொல்கிறது. ஜெபம் தூதர்களுக்குத் தெம்பூட்டும் என்று அங்கே இல்லை.

லஹேயிடம் உறுத்துவது வேறு: உலக முடிவின் பெருந்துன்பக் காலமான உபத்திரவத்துக்கு முன்பே சபை, அதாவது விசுவாசிகள், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும்; விமானப் பயணிகள் மறைவது அதனால்தான். இதைக் கத்தோலிக்க, லூத்தரன் சபைகள் போதிப்பதில்லை.

ஜெபக்குழுவில் சேர்ந்து படிக்க, பெரெட்டி. உலக முடிவைப் பேசும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து வாதாட ஆசையா? லஹே.