அக்வாரிவா: மரம் இருக்க வேண்டிய இடத்தில் மரம்

இத்தாலியின் ரீவா நிறுவனம் கட்டும் சொகுசு மோட்டார் படகுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடும். உடல் முழுக்க மஹோகனி மரத்தால் கட்டிய பழைய அக்வாரமாதான் அசல், ஃபைபர் உடலோடு வந்த அக்வாரிவா அதன் நிழல் என்பது ஒரு கட்சி. பழசையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பது இன்னொரு கட்சி. நான் மர வேலை செய்பவன். அலமாரிக்கு வெனீர் ஒட்டுவது, சாப்பாட்டு மேசைக்குப் பாலிஷ் ஏற்றுவது, இதுதான் என் பிழைப்பு. இத்தாலியில் சார்னிக்கோவில் இரண்டு படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கவும், அக்வாரிவாவில் இசேயோ ஏரியில் போய்வரவும் ஒரு நண்பர் மூலம் வாய்ப்புக் கிடைத்தது. பார்த்த பிறகு என் முடிவு இது: மரத்தின் குணம் தெரிந்து, அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மட்டும் அதை வைத்திருக்கும் படகு அக்வாரிவாதான்.

சார்னிக்கோ சின்ன ஊர். பெர்காமோ மாவட்டத்தில், இசேயோ ஏரியிலிருந்து ஒல்யோ ஆறு வெளியேறும் முனையில் இருக்கிறது. 1842-ல் பியெத்ரோ ரீவா இங்கே மீனவர்களின் படகுகளைப் பழுது பார்த்ததில் ஆரம்பித்தது இந்தப் பட்டறை. உலகத்துக்குத் தெரிந்த ரீவாவை உருவாக்கியவர் அவருடைய கொள்ளுப்பேரன் கார்லோ ரீவா. 1922-ல் பிறந்து 2017-ல் மறைந்தவர். படகு கட்டும் கொட்டகைக்கு மேலே, ஏரியும் தெரிய வேண்டும், கீழே நடக்கும் வேலையும் தெரிய வேண்டும் என்று அந்தரத்தில் தொங்குவதுபோல ஓர் அலுவலகத்தைக் கட்டிக்கொண்டார். லா பிளாஞ்சா என்று அதற்குப் பெயர். வேலையை விட்டுக் கண்ணை எடுக்காத மனிதர் என்பது அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அவருடைய அக்வாரமா 1962-ல் வந்து 1996 வரை கட்டப்பட்டது. முதலில் 8 மீட்டரும் கொஞ்சமும் நீளம். கடைசியாக வந்த ஸ்பெஷல் 8.78 மீட்டர். உள்ளே எட்டு சிலிண்டர் கொண்ட வி8 பெட்ரோல் என்ஜின்கள் இரண்டு. கார் தயாரித்த ஃபெருச்சியோ லம்போர்கினி 1968-ல் தனக்கென்று ஒன்று கட்டச்சொல்லி, அதில் தன் கார்களின் வி12 என்ஜின் இரண்டைப் பொருத்திக்கொண்டார். 2000-ல் ரீவா, இத்தாலியின் சொகுசுப் படகு நிறுவனமான ஃபெரெட்டி குழுமத்தின் கைக்கு வந்தது. அதையொட்டி வந்ததுதான் அக்வாரிவா. வரைந்தது பெர்காமோவின் ஒஃபிச்சினா இத்தாலியானா டிசைன். மவுரோ மிகேலியும் செர்ஜோ பெரெட்டாவும் சேர்ந்து நடத்தும் நிறுவனம்.

சரி, படகுக்கு வருவோம்.

நீளம் சுமார் 10 மீட்டர், அகலம் 2.8 மீட்டர். இந்த அளவில் வேறு யாராவது வரைந்திருந்தால் உயரத்தைக் கூட்டி, உள்ளே இன்னும் இரண்டு பேர் படுக்க இடம் பிடித்திருப்பார்கள். அக்வாரிவா தண்ணீரோடு ஒட்டித் தாழ்ந்தே கிடக்கிறது. கரையில் நின்று பக்கவாட்டில் பார்த்தால் மூக்கிலிருந்து வால் வரை ஒரே கோடு. எங்கேயும் உடையவில்லை, சட்டென்று ஏறவில்லை. பின்பக்கம் வரும்போது பக்கச்சுவர்கள் மேலே உள்நோக்கி வளைந்து, பின்முனையில் உருண்டு சேர்கின்றன. அக்வாரமாவில் இருந்த அதே வளைவு. மரத்தில் இந்த வளைவைக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்று பலகை வளைத்தவர்களுக்குத் தெரியும். ஃபைபர் அச்சில் அது எளிது. எளிதாகிவிட்டதே என்று வளைவைக் கூட்டிக் காட்டாமல், பழைய அளவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

முன்கண்ணாடிதான் இந்தக் குடும்பத்தின் முகம். அக்வாரமா என்ற பெயரே அந்தக் காலத்து அகன்ற சினிராமா திரையை நினைத்து வைத்தது. கண்ணாடி முன்னால் நிமிர்ந்து, இரண்டு பக்கமும் வளைந்து, உட்கார்ந்திருப்பவர்களின் தோள்வரை வந்து முடிகிறது. அக்வாரிவாவில் சட்டம் மெலிந்திருக்கிறது, கண்ணாடி இன்னும் சாய்ந்திருக்கிறது. ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் நீளமான மஹோகனி மேல்தளம், நடுநடுவே மேப்பிள் மரத்தின் வெளிர்கோடுகள், எல்லாம் மூக்கை நோக்கி ஓடி ஒன்றுசேர்கின்றன. ஓட்டுபவரின் கண் தானாகவே அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறது. அழகுக்காகப் போட்ட கோடு திசை காட்டும் வேலையையும் செய்கிறது.

இந்த மேல்தளத்தின் அருகே மண்டியிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமார் 20 பூச்சு வார்னிஷ் ஏற்றியிருக்கிறார்கள், பாதி தூரிகையால், பாதி ஸ்பிரேயால். பூச்சின் எண்ணிக்கையை விட எனக்கு முக்கியம் பலகைகளின் நிறம். ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நிறம் மாறவே இல்லை. ரேகை எல்லாம் ஒரே போக்கில் இருக்கிறது. மஹோகனியில் இது தானாக அமையாது. ஒரு மரத்தின் நடுப்பகுதிக்கும் ஓரப்பகுதிக்குமே நிறம் வேறு. வெளிச்சம் படப்பட அந்த வேறுபாடு சில நேரம் மறையும், சில நேரம் கூடும். இத்தனை நீளத்துக்கு நிறம் ஒத்துப்போக வேண்டுமானால் பலகையை வெட்டுவதற்கு முன்பே யாரோ ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து பொறுக்கியிருக்க வேண்டும். வார்னிஷின் பளபளப்பு எல்லோர் கண்ணிலும் படும். அந்தப் பொறுக்கல்தான் இந்தப் படகின் உண்மையான ஆடம்பரம் என்பேன்.

மேப்பிள் கோடுகளும் அப்படியே. இரண்டு மரத்துக்கும் சந்திப்பில் விரலால் தடவினால் மேடு தெரியவில்லை. வெவ்வேறு மரங்கள் ஈரத்தில் வெவ்வேறு அளவு உப்பும். வீட்டுக்குள் இருக்கும் மேசையிலேயே இரண்டு மழைக்காலம் தாண்டினால் இந்தச் சந்திப்பில் மயிரிழை வெடிப்பு வந்துவிடும். தண்ணீரின் மேல் கிடக்கும் படகில் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், உலர்த்தியதிலும் ஒட்டியதிலும் ஓரங்களை மூடியதிலும் அவசரமே படவில்லை என்று அர்த்தம்.

இப்போது அந்தக் கட்சிச் சண்டைக்கு வருகிறேன். பக்கத்துக் கொட்டகையில் இருந்த அக்வாரமா ஸ்பெஷலைப் பராமரிப்பவர் வயதான ஒருவர். என் நண்பர் இடையில் நின்று மொழிபெயர்க்க, இரண்டு பேரும் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். குளிர்காலம் முழுக்க அவருக்கு வேலை இருக்குமாம். வெயிலில் வெளுத்த வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுப்பது, மறுபடி பூச்சு ஏற்றுவது, அடிப்பாகத்தில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. மரப்படகைத் தண்ணீரிலேயே விட்டாலும் தொல்லை, ரொம்ப நாள் கரையில் காயவிட்டாலும் தொல்லை. காய்ந்தால் சுருங்கிச் சந்திப்புகள் திறக்கும். ஊறினால் உப்பும். அவர் அதை அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். பார்த்துப் பார்த்துச் செய்கிற கை அவருடையது. அப்படி ஒரு கை கிடைக்காத படகு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் மரத்தை யாரும் பார்ப்பதில்லை, தொடுவதும் இல்லை. ஆனால் செலவும் உழைப்பும் அதிகம் கேட்பது அந்த மரம்தான். அக்வாரிவாவில் அந்த இடத்தை ஃபைபருக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் கடற்கரைகளில் மீன்பிடிப் படகுகள் மரத்திலிருந்து ஃபைபருக்கு மாறியதற்கும் இந்தக் காரணங்கள்தான் முக்கியம். கண் விழும் மேல்தளம், கை படும் விளிம்பு, உட்கார்ந்தால் எதிரே தெரியும் டாஷ்போர்டு, இங்கெல்லாம் மஹோகனி அப்படியே இருக்கிறது. போலி மரமோ மைக்காவோ எங்கேயும் இல்லை. ஃபைபரை மரம்போலக் காட்ட ரேகை வரைந்து ஏமாற்றவும் இல்லை. அது ஒற்றை நிறத்தில் பளிச்சென்று, நான் ஃபைபர்தான் என்று நிற்கிறது. அக்வாரமாவின் பக்கச்சுவரில் வெயில் விழும்போது வரும் செம்மை இதில் இல்லைதான். அந்த ஒன்றை இழந்திருக்கிறோம், அதை மறுக்க மாட்டேன். பதிலுக்கு, ஒவ்வொரு குளிர்காலமும் உடலைப் பிரித்து மேய வேண்டிய கவலை இல்லாமல் ஏரியிலோ கடலிலோ ஓடும் படகு கிடைத்திருக்கிறது.

இருக்கைப் பகுதி திறந்தவெளி. ஓட்டுபவருக்கும் துணைக்கும் முன்னால் இருக்கை, பின்னால் மேசையை அணைத்தபடி சோபா, அதற்கும் பின்னால் என்ஜின்களின் மேலே சாய்ந்து படுத்து வெயில் காய அகலமான மெத்தை. தந்த நிற மெத்தைகளில் ரீவாவுக்கே உரிய நீலப்பச்சை ஓரப்பட்டை. மஹோகனியின் செம்பழுப்புக்கு எதிரே இந்த நிறத்தை வைத்தது பழைய காலத்துக் கண். இன்றைக்கும் அதை மாற்றாமல் வைத்திருப்பது சரி. தையல்கள் நேராக, நெருக்கமாக இருக்கின்றன. மூலைகளில் தோல் சுருங்கி மடியவில்லை. குளிர்பெட்டியை மர மூடிக்குள் ஒளித்திருக்கிறார்கள்; மூடியை மூடினால் அங்கே ஒரு பெட்டி இருப்பதே தெரியாது.

டாஷ்போர்டில் வட்ட வட்டமான முள் காட்டும் மீட்டர்கள், பளபளக்கும் வளையங்களோடு. அந்தக் காலத்துக் கார்களை நினைவுபடுத்தும் ஸ்டீயரிங். கைக்கு எட்டும் எல்லா இடத்திலும் உலோகம் கனமாக, குளிர்ச்சியாக இருக்கிறது. கயிறு கட்டும் முளைகள் முதல் சின்னப் பிடிகள் வரை ஒரே பாணியில் உருட்டி எடுத்திருக்கிறார்கள். மலிவான பொருள் ஒன்றாவது அகப்படுமா என்று தேடினேன். எனக்கு அகப்படவில்லை.

கீழே போகும் கதவு டாஷ்போர்டுப் பக்கம் இருக்கிறது. உள்ளே மூக்கின் வடிவத்தை ஒட்டிய சின்ன அறை, இரண்டு பேர் சாயலாம், படுக்கலாம், கழிப்பிடமும் அங்கேயே. மஹோகனி, தோல், உலோகம் என்று மேலே இருக்கும் மூன்றும்தான் இங்கேயும். நிமிர்ந்து நிற்க முடியாது. உடை மாற்றவும், வெயில் தாங்காத குழந்தை கொஞ்ச நேரம் தூங்கவும் போதும். இரவு தங்கிப் பயணம் போக நினைப்பவர்கள் வேறு படகு பார்க்க வேண்டும். இது காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கான படகு. உள்ளறையைப் பெரிதாக்கியிருந்தால் மேல்தளம் உயர்ந்திருக்கும், அந்த ஒற்றைக் கோடு போயிருக்கும். வரைந்தவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்களோ அதைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

நிழலும் குறைவு. திறந்த படகு என்றால் வெயில் உண்டு, அது நியாயம். ஆனால் நம்மைப் போல வெயிலைக் கண்டால் ஒதுங்கி வளர்ந்தவர்களுக்கு உச்சிவேளையில் கஷ்டம். வார்னிஷ் போட்ட மேல்தளம் ஈரமானால் வழுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வார்னிஷ் போடாத தேக்குத் தளத்தில் காலுக்குக் கிடைக்கும் பிடிப்பு இதில் கிடையாது. முன்பக்கம் போகிறவர்கள் வெறுங்காலோடு, பிடித்துக்கொண்டு போவது நல்லது.

ஓட்டம் பற்றிச் சுருக்கமாக. தலா சுமார் 370 குதிரைத்திறன் கொண்ட இரண்டு யான்மார் டீசல் என்ஜின்கள், அதிகபட்ச வேகம் சுமார் 41 நாட், அதாவது மணிக்குச் சுமார் 76 கிலோமீட்டர். சார்னிக்கோவிலிருந்து மோந்தே இசோலா தீவுப் பக்கம் போனபோது அவ்வளவு வேகம் தேவைப்படவே இல்லை. நான் கவனித்தது மரச் சத்தத்தை. வேகத்தில் அலை மோதும்போது அலமாரிக் கதவுகளோ மூடிகளோ கடகடக்கவில்லை. பொருத்தம் இறுக்கமாக இருந்தால்தான் இது வரும். டீசலின் உறுமல் பழைய வி8 போல ரசிக்கத்தக்கது இல்லை.

இதன் சிறப்புப் பதிப்புகளும் உண்டு. குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஃபேஷன் நிறுவனத்தோடு சேர்ந்து ஒன்று வந்தது. அழகுதான், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. 2010-ல் வடிவமைப்பாளர் மார்க் நியூசன் செய்த பதிப்பு வேறு ரகம். 22 படகுகள் மட்டும். மஹோகனியை எடுத்துவிட்டு, துணியையும் ஃபினாலிக் பிசினையும் அடுக்கி அழுத்திச் செய்த பொருளை மேல்தளத்துக்குப் போட்டார். நிறம் மரத்துக்குப் பக்கத்தில் வரும், வெயிலையும் ஈரத்தையும் தாங்கும். மர வேலைக்காரனாக நான் அதை வெறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். வெறுக்கவில்லை. மரமாக நடிக்காமல் தன் அடுக்குகளைத் தானே காட்டுகிற பொருள் அது, மதிக்கலாம். ஆனாலும் வருடம் போகப்போக நிறம் மாறி, பழசாகப் பழசாக அழகு கூடுவது மஹோகனியிடம்தான் இருக்கிறது. கையில் காசு இருந்தால் நான் மரத்தளம் போட்டதைத்தான் எடுப்பேன்.

புதிது வாங்குவது பல கோடி ரூபாய் விஷயம். பழையது பார்க்கிற யோசனை யாருக்காவது இருந்தால் ஒரு வார்த்தை. பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். விற்பதற்கு முன் மேலே ஒரு பூச்சு அடித்தால் எந்தப் படகும் பளபளக்கும். கயிறு கட்டும் முளை, மூடியின் கீல், திருகு இறங்கிய இடம், இவற்றைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் வார்னிஷுக்கு அடியில் தண்ணீர் போயிருக்கிறது. பின்மெத்தையைத் தூக்கி, அது மறைத்த பலகையின் நிறத்தையும் வெயில் பட்ட பலகையின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். மேப்பிள் கோட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால், விலை பேசுவதற்கு முன் தளத்தை மொத்தமாகத் தேய்த்துப் புதுப்பிக்க என்ன செலவாகும் என்று ஒரு நல்ல படகுத் தச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.