என்டிட்டியோடு பிணைப்பதா, தனிப் படிவ வகுப்போடு பிணைப்பதா?

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்காக, வரத்தாகும் மல்லிகையின் எடையையும் விலையையும் பதியும் படிவத்தை ஜாவா வலைச் செயலிகளுக்கான சட்டகமான ஸ்பிரிங் எம்விசியில் எழுதியபோது, புலங்களை நேரடியாக ஜேபிஏ என்டிட்டியோடு, அதாவது தரவுத்தள அட்டவணையைப் பிரதிபலிக்கும் ஜாவா வகுப்போடு, பிணைத்தேன். புலத்தின் பெயரும் பண்பின் பெயரும் ஒத்திருந்தால் செட்டர் (பண்பில் மதிப்பை இடும் செயல்முறை) வழியாக மதிப்பு தானே போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் வேலை விரைவில் முடிந்தது.

அந்த வசதியே அதன் ஓட்டையும்கூட. திரையில் இரண்டே பெட்டிகள் இருந்தாலும், பட்டுவாடா முடிந்ததைக் குறிக்கும் பண்பின் பெயரை யாரேனும் கோரிக்கையில் சேர்த்து அனுப்பினால், ஸ்பிரிங் அதையும் நிரப்பிவிடும். சோதனையில் பணம் கொடுக்காத சீட்டொன்று கொடுத்ததாக மாறியபோதுதான் எனக்கு உறைத்தது. பிணைப்பைச் செய்யும் வெப்டேட்டாபைண்டரில் அனுமதிக்கும் புலங்களை வரையறுக்கலாம். ஆனால், படிவம் மாறும்போதெல்லாம் அந்தப் பட்டியலையும் மறவாமல் திருத்த வேண்டும். இன்னொரு சிக்கல் நுட்பமானது: ஸ்பிரிங் பூட்டில், கோரிக்கை முடியும்வரை தரவுத்தள அமர்வைத் திறந்தே வைக்கும் ஓபன்-இன்-வியூ இயல்பாகவே இயங்குவதால், தரவுத்தளத்திலிருந்து எடுத்த என்டிட்டியில் பிணைத்த தவறான மதிப்பு, சரிபார்ப்பில் தோற்றாலும், அதே கோரிக்கையில் பின்னர் முடியும் பரிவர்த்தனையோடு சேமிக்கப்பட்டுவிடலாம்.

திரையில் உள்ள புலங்களை மட்டும் கொண்ட தனிப் படிவ வகுப்பில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அதிலிருந்து என்டிட்டிக்கு மதிப்புகளைப் படியெடுக்கும் நிரலை எழுதுவது சலிப்பான வேலைதான். மேப்ஸ்ட்ரக்ட் என்ற கருவி அதை நிரல் தொகுக்கப்படும்போதே (கம்பைல்) உருவாக்கித் தரும். பூ வகைகளின் பெயர்ப்பட்டியல் போன்ற சிறு திரைக்கு மட்டும் நான் இன்றும் என்டிட்டியையே பிணைக்கிறேன்; பணம் புழங்கும் திரைக்கு ஒருபோதும் இல்லை.